ஊர்ச் செய்திக்கு வாட்ஸப்: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

மூவாயிரம் பேர் உள்ள ஒரு சிற்றூர். பாதிப் பேர் ஊரில், மீதிப் பேர் திருப்பூர், சென்னை, துபாய், சிங்கப்பூர். துட்டி (சாவு), தண்ணீர், கரண்ட், கோயில் கொடை என்று எது நடந்தாலும் எல்லாருக்கும் சொல்ல இன்று முதலில் கை போவது வாட்ஸப்புக்குத்தான். ஒரு காலத்தில் பறையடித்துச் சொன்னார்கள். மனிதரை வைத்துத் தண்டோரா போடுவதைத் தவிர்க்க வேண்டும், வேண்டுமென்றால் வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லலாம் என்று 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதியது நல்ல முடிவு. ஆனால் அந்த இடத்துக்கு ஃபோன் வந்தபோது அதை எப்படிக் கட்டி நடத்துவது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால்தான் பெரும்பாலான ஊர்க் குழுக்கள் ஆரம்பித்த ஆறே மாதத்தில் யாரும் திறந்து பார்க்காத குழுவாகிவிடுகின்றன.

முதலில் மதிப்பெண். எல்லாரும் எல்லாம் போடும் சாதாரணக் குழுவாக நடத்தினால் பத்துக்கு நான்கு. பல குழுக்களை ஒரே குடையின் கீழ் சேர்க்கும் கம்யூனிட்டி வசதியில் அறிவிப்பைத் தனியாகவும் பேச்சைத் தனியாகவும் பிரித்து நடத்தினால் பத்துக்கு எட்டு. செயலி ஒன்றேதான், மதிப்பெண் இரண்டு மடங்கு. காரணம் ஒரே ஒரு பொத்தான்: மியூட்.

நானூறு பேர் உள்ள திறந்த குழுவில் காலை வணக்கப் படங்கள் மட்டுமே நாற்பது, ஐம்பது வரும். அதற்கு மேல் கட்சி வீடியோ, மருந்துக் குறிப்பு, யாரோ யாருக்கோ போட வேண்டிய குரல் பதிவு. இரண்டாவது வாரமே பாதிப் பேர் மியூட் போடுவார்கள். 8 மணி நேரம், 1 வாரம், எப்போதும் என்று மூன்று தேர்வு வரும். எல்லாரும் தொடுவது மூன்றாவதை. அதற்குப் பிறகு விடியற்காலை துட்டிச் செய்தி வந்தாலும் அந்த ஃபோன் சத்தம் போடாது. 'குரூப்பிலே போட்டோமே, பாக்கலியா?' என்ற கேள்வியும் 'யாரும் எனக்குச் சொல்லலியே' என்ற மனத்தாங்கலும் பிறக்கும் இடம் இதுதான். பக்கத்துத் தெருக்காரர் சாவுக்கு வரவில்லை என்ற வருத்தம் சின்ன ஊரில் பத்து வருடம் நிற்கும். ஆகவே அறிவிப்புக்கான இடத்தை யாரும் மியூட் போடத் தேவையில்லாதபடி வைத்திருப்பதுதான் நிர்வாகிகளின் முதல் வேலை.

கம்யூனிட்டி வசதி 2022 நவம்பரில் வந்தது. குழு உறுப்பினர் வரம்பு 1,024 ஆனதும் அதே சமயத்தில்தான். புது உரையாடல் தொடங்கும் பொத்தானைத் தொட்டால் 'நியூ கம்யூனிட்டி' என்று இருக்கும். ஊர்ப் பெயர் கொடுத்து உருவாக்கியதும் 'அனௌன்ஸ்மென்ட்ஸ்' என்ற அறிவிப்புக் குழு தானாகவே வந்துவிடும். அதில் நிர்வாகிகள் மட்டும்தான் செய்தி போட முடியும். ஏற்கெனவே ஓடும் பழைய ஊர்க் குழுவை அழிக்க வேண்டாம். அதைக் கம்யூனிட்டிக்குள் சேர்த்தால் அதில் உள்ளவர்கள் எல்லாரும் அறிவிப்புக் குழுவிலும் வந்துவிடுவார்கள். பழைய குழுவுக்கு 'திண்ணை' என்றோ 'டீக்கடை' என்றோ பெயர் மாற்றிப் பேச்சுக்கு விட்டுவிடலாம். அங்கே காலை வணக்கமும் போடட்டும், கிரிக்கெட்டும் பேசட்டும், அதை யாரும் மியூட் போட்டாலும் நஷ்டமில்லை. மூன்றாவதாக, ஆடு மாடு, வைக்கோல், பழைய சைக்கிள், வாடகை வீடு ஆகியவற்றுக்கு ஒரு 'வாங்க விற்க' குழு. தண்ணீர் திறப்பது தெருவுக்குத் தெரு நேரம் மாறும் ஊராக இருந்தால் தெருவுக்கொரு சின்னக் குழு. இதற்கு மேல் பெருக்கினால் எதை எங்கே போடுவது என்று நிர்வாகிகளே குழம்புவார்கள்.

இந்த அமைப்பில் பெண்களுக்கு உண்மையான பயன் ஒன்று உண்டு. சாதாரணக் குழுவில் ஒவ்வொருவர் எண்ணும் எல்லார் கண்ணிலும் படும். ஊர்க் குழுவிலிருந்து எண்ணை எடுத்து ராத்திரி பேசித் தொந்தரவு செய்வது பல ஊரில் நடக்கிறது. அதனாலேயே பல வீடுகளில் பெண்கள் எண்ணைச் சேர்க்க விடுவதில்லை. கம்யூனிட்டியின் அறிவிப்புக் குழுவில் உறுப்பினர் எண் நிர்வாகிகளுக்கும், அந்த எண்ணை ஏற்கெனவே சேமித்து வைத்திருப்பவர்களுக்கும் மட்டும்தான் தெரியும். ஆக, அறிவிப்பில் மட்டும் இருந்துகொண்டு திண்ணைக் குழுவிலிருந்து விலகிவிடலாம். இதைச் சேர்க்கும்போதே சொல்ல வேண்டும். வீட்டுக்கு ஒரு எண் என்று ஆண்கள் எண்ணை மட்டும் சேர்த்த குழுவில் காலை 6 மணித் தண்ணீர்ச் செய்தி வயலில் நிற்பவருக்குப் போகும். குடத்தோடு நிற்பவருக்குப் போகாது. வீட்டுக்கு இரண்டு எண், அதில் ஒன்று பெண் எண் என்று வைத்துக்கொள்வது நல்லது.

காலனி, கிழக்குத் தெரு, ஊருக்கு வெளியே குடியேறிய செங்கல் சூளைக் குடும்பங்கள், இவர்கள் எண் இல்லாமல் ஊர்ப் பெயரில் குழு நடத்தக் கூடாது. அப்படி ஓடுவது ஒரு தெருவின் குழு, ஒரு சாதியின் குழு. அதற்கு ஊர்ப் பெயர் வைக்க உரிமை இல்லை. தண்ணீர்த் தொட்டியும் ரேஷன் கடையும் எல்லாருக்கும் பொது என்றால் அவற்றின் செய்தியும் பொதுதான். கணக்கெடுப்பு எளிது: தெருவாரியாக வீட்டு எண்ணிக்கையை ஒரு நோட்டில் எழுதி, எத்தனை வீட்டு எண் குழுவில் இருக்கிறது என்று எதிரே குறித்தால் எந்தத் தெரு விடுபட்டது என்பது ஒரு மாலையில் தெரிந்துவிடும்.

நிர்வாகிகள் ஐந்திலிருந்து ஏழு பேர் போதும். தெருவுக்கு ஒருவர், அதில் இரண்டு பேராவது பெண்கள், ஒருவர் வெளிநாட்டில் இருப்பவர். கட்சிப் பொறுப்பில் இருப்பவர் வேண்டாம். உள்ளாட்சித் தேர்தல் வந்தால் குழு அவர் கையோடு போய்விடும். குழுவை உருவாக்கியவரை மற்ற நிர்வாகிகளால் நீக்க முடியாது என்பதால் தொடங்குபவர் யார் என்பதில் கவனம் தேவை. ஒரே ஒரு நிர்வாகி இருந்து அவரும் விலகினால் உறுப்பினரில் யாராவது ஒருவரை வாட்ஸப்பே நிர்வாகி ஆக்கிவிடும். பள்ளிக்கூடப் பையன் கையில் ஊர்க் குழு போவது இப்படித்தான்.

யாராவது தப்பாக எதையாவது போட்டால் நம்மைப் பிடித்து உள்ளே போடுவார்களோ என்ற பயத்தில் பலர் நிர்வாகியாக மறுக்கிறார்கள். கரூர் வழக்கறிஞர் குழு ஒன்று தொடர்பான வழக்கில் 2021 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, நிர்வாகியாக மட்டும் இருந்தவர், அதற்கு மேல் அவருக்குப் பங்கில்லை என்று தெரிந்தால் அவர் பெயரைக் குற்றப்பத்திரிகையில் சேர்க்கக் கூடாது என்ற நிலைப்பாட்டை எடுத்தது. அதற்காகச் சும்மா இருக்கலாம் என்று பொருளில்லை. அடுத்தவர் போட்டதையும் நிர்வாகி அழிக்க முடியும். வம்பான பதிவைக் கண்டதும் அழித்துவிட்டு, போட்டவருக்குத் தனியாக ஃபோன் செய்து சொல்ல வேண்டும். குழுவிலேயே கண்டித்தால் சண்டை குழுவை விட்டுத் தெருவுக்கு வரும்.

இனி எழுதும் முறை. வசதியை விட இதில்தான் குழு ஜெயிக்கும் அல்லது தோற்கும். துட்டிச் செய்தியை எடுத்துக்கொள்வோம்.

"துக்கச் செய்தி. மேலத்தெரு பழைய தபால்காரர் வீட்டு ஆச்சி (வயது 74) இன்று 12-ந் தேதி வியாழக்கிழமை அதிகாலை 3.40-க்கு இறந்துவிட்டார்கள். உடல் மேலத்தெரு வீட்டில் இருக்கிறது. ஐஸ் பெட்டி வந்துவிட்டது. நாளை 13-ந் தேதி வெள்ளிக்கிழமை காலை 11 மணிக்கு (இந்திய நேரம்) எடுக்கிறார்கள். சிங்கப்பூர் மகன் வந்து சேருவதைப் பொறுத்து நேரம் மாறினால் இங்கேயே சொல்லப்படும். பேச: இளைய மகன்."

கீழே அந்த மகனின் எண், கூடவே படம். இதற்கு மேல் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு வரிக்கும் வேலை இருக்கிறது. ரேஷன் கார்டில் இருக்கும் பெயரை மட்டும் போட்டால் வெளியூரில் இருக்கும் பாதிப் பேருக்கு ஆள் தெரியாது. ஊரில் புழங்கும் வீட்டு அடையாளம்தான் ஆளைக் காட்டும். எடுக்கிற நேரம் இல்லாத துட்டிச் செய்தி அரைச் செய்தி. திருப்பூரில் இருப்பவர் ராத்திரி பஸ்ஸா, உடனே காரா என்று முடிவு செய்வது அந்த ஒரு வரியை வைத்துத்தான். ஐஸ் பெட்டி வந்துவிட்டது என்ற வரி உடல் நாளை வரை இருக்கும் என்பதை உறுதி செய்கிறது. இந்திய நேரம் என்று போடுவது சிங்கப்பூரில் இரண்டரை மணி நேரம் முன்னே இருப்பவருக்காக. துபாயில் வாட்ஸப் செய்தி போகும், வாட்ஸப் அழைப்பு போகாது. அங்கே இருக்கும் பிள்ளைக்கு வேறு வழியில்தான் பேச வேண்டும் என்பதைத் துட்டி வீட்டுக்காரர்களுக்கு யாராவது நினைவுபடுத்த வேண்டியிருக்கும், அந்தப் பதற்றத்தில் அவர்களுக்கு அது தோன்றாது.

வீட்டார் சொல்லாமல் போடவே கூடாது. கட்டிக்கொடுத்த மகளுக்குத் தாயின் சாவு குழு வழியாகத் தெரியக் கூடாது. 'எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லியாச்சா மதினி?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுவதற்கு ஐந்து நிமிடம் ஆகும். ஆஸ்பத்திரிப் படம், பெட்டிக்குள் இருக்கும் படம் போடக் கூடாது. வீட்டார் கொடுக்கும் பழைய படம் போதும். நேரம் மாறினால் பழைய செய்தியைத் திருத்தாதீர்கள். திருத்தம் 15 நிமிடத்துக்குள்தான் முடியும் என்பது ஒரு பக்கம். திருத்தினால் ஃபோன் மறுபடி சத்தம் போடாது என்பதுதான் பெரிய காரணம். பழையதை அழித்துவிட்டு 'நேரம் மாற்றம்' என்று தொடங்கி முழுச் செய்தியையும் புதிதாகப் போட வேண்டும். இரங்கல் சொல்பவர்கள் திண்ணையில் சொல்லலாம், அறிவிப்பில் கைகூப்பும் குறி போதும். திறந்த குழுவாக இருந்தால் இருநூறு 'ஆழ்ந்த இரங்கல்' வரிகளுக்கு மேலே எடுக்கும் நேரம் எங்கோ போய்விடும்.

'நாளை' என்ற சொல்லைத் தனியாக விட்டால் அது கெடுதல் செய்யும். 'நாளை காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மின்தடை' என்ற செய்தியை ஒருவர் மறுநாள் பக்கத்து ஊருக்கு அனுப்புவார். அங்கே ஒருவர் அதை நம்பி மாவு மில்லை மூடுவார், இன்னொருவர் நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதைத் தள்ளிப்போடுவார். தேதி, கிழமை, எந்தத் துணைமின் நிலையம் என்ற மூன்றும் இருந்தால்தான் மின்தடைச் செய்தி. திடீரென்று கரண்ட் போனால் 'உங்க தெருவுல இருக்கா?' என்று கேட்பது திண்ணைக்கு உரியது. புகார் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்குப் போக வேண்டும்: 94987 94987. மின் இணைப்பு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் வேலை சீக்கிரம் முடியும். இந்த எண், 108, சைபர் மோசடிக்கு 1930, கால்நடை மருந்தகம், ஊராட்சிச் செயலர் ஆகிய எண்களைக் குழுவின் விளக்கப் பகுதியில் எழுதி வையுங்கள். புதிதாகச் சேருபவருக்குப் பழைய செய்திகள் தானாகத் தெரியாது, விளக்கம் தெரியும். முக்கியமான செய்தியை மேலே குத்தி வைக்கவும் முடியும். 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று காலம் உண்டு. கொடை முடிந்த பிறகும் கொடை நிகழ்ச்சி நிரல் தொங்கிக்கொண்டிருந்தால் அடுத்து குத்துவதை யாரும் பார்க்க மாட்டார்கள்.

தண்ணீர்ச் செய்திக்குக் குரல் பதிவுதான் சிறந்தது. வால்வு திறப்பவர் ஈரக் கையோடு தட்டச்சு செய்ய முடியாது. 'கீழத்தெருவுக்கு இப்ப தொறக்கேன், ஏழேகால் வரைக்கும் வரும், மோட்டார் வேலை இருக்கு, சாயங்காலம் கிடையாது' என்று பத்து விநாடியில் சொல்லிவிடுவார். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கும் அது போய்ச் சேரும். அவரை அந்தத் தெருக் குழுவில் நிர்வாகி ஆக்கிவிட்டால் போதும். எழுத்தில்தான் வேண்டும் என்றால் கூகுள் விசைப்பலகையில் தமிழைச் சேர்த்து மைக் குறியைத் தொட்டுப் பேசினால் தமிழிலேயே எழுதிக்கொள்ளும். ஊர்ப் பெயரும் பட்டப்பெயரும் மட்டும் தப்பாக விழும், அனுப்புமுன் ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஊராட்சி அறிவிப்புத் தாளைப் படம் எடுத்துப் போட்டால் பல நேரம் எழுத்து மங்கி விடும், வாட்ஸப் படத்தைச் சுருக்குவதால். அனுப்பும்போது மேலே ஹெச்டி என்று வருவதைத் தொட்டு அனுப்ப வேண்டும், அல்லது டாக்குமென்ட்டாக அனுப்ப வேண்டும். கூடவே தேதி, இடம், பொருள் மூன்றையும் இரண்டு வரியில் எழுத்தில் போடுங்கள். கிராம சபை வருடத்தில் ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒரு வாரத்துக்கு முன் ஒருமுறை, முந்தின நாள் மாலை ஒருமுறை என்று இரண்டு தடவை போட்டால் வெறும் நாற்காலிகளைப் பார்த்துத் தீர்மானம் போடும் நிலை குறையும்.

வாக்கெடுப்பு வசதியில் 12 தேர்வு வரை வைக்கலாம். கண் சிகிச்சை முகாம் ஞாயிறா, சனியா என்று கேட்கப் பயன்படும். ஆனால் யார் எதற்கு வாக்களித்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். கோயில் வரி, கொடைக்கு யார் தலைக்கட்டு, பாதைத் தகராறு ஆகியவற்றை வாக்கெடுப்பில் வைத்தால் ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்பது எல்லார் ஃபோனிலும் பதிவாகிவிடும். அதெல்லாம் ஆலமரத்தடியில் முகம் பார்த்துப் பேச வேண்டியவை.

இரத்தம் கேட்டுப் போடும்போது வகை, எத்தனை யூனிட், எந்த ஆஸ்பத்திரி, வார்டு, தேதி, நேரம், உடன் இருப்பவர் எண் அத்தனையும் வேண்டும். இரத்தம் கிடைத்ததும் அந்தப் பதிவை அழிக்க வேண்டும், அதில் சோம்பல் கூடாது. தேதி இல்லாத இரத்த வேண்டுகோள் வருடக்கணக்கில் சுற்றும். குணமாகி வீட்டுக்கு வந்தவரின் குடும்பத்துக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அழைப்பு வந்துகொண்டே இருக்கும்.

கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வரும் மோசடியை ஊர்க் குழு நடத்துபவர் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஊர்க் குழுவில் நிஜப் பத்திரிகையும் தினம் வரும். நிஜப் பத்திரிகை படமாகவோ, பிடிஎஃப் ஆகவோ, வீடியோவாகவோ இருக்கும். ஏபிகே என்று முடியும் கோப்பு பத்திரிகை கிடையாது. அது ஃபோனில் தன்னை நிறுவிக்கொண்டு வங்கியிலிருந்து வரும் ஓடிபி குறுஞ்செய்திகளைத் திருடும் செயலி. போக்குவரத்து அபராதம், வங்கிக் கேஒய்சி என்ற பெயரிலும் இதே கோப்பு வரும். ஒருவர் ஃபோன் மாட்டிக்கொண்டால் அவர் கணக்கிலிருந்தே அவர் இருக்கும் எல்லாக் குழுக்களுக்கும் அது போகும், தெரிந்த சித்தப்பா அனுப்பியதுதானே என்று அடுத்தவர் திறப்பார். கண்டதும் நிர்வாகி முதலில் கோப்பை அழிக்க வேண்டும், அடுத்து அந்த எண்ணைக் குழுவிலிருந்து நீக்க வேண்டும், பிறகு சாதாரண அழைப்பில் அவரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். அவர் ஃபோனின் இணையத்தை உடனே அணைத்து, வங்கிக்குப் பேசி, பணம் போயிருந்தால் 1930-க்குப் புகார் கொடுக்க வேண்டும். தாமதம் ஆக ஆகப் பணத்தை நிறுத்தி வைக்கும் வாய்ப்பு குறையும். முன்னெச்சரிக்கையாக நிர்வாகிகள் எல்லாரும் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனில் ஆறு இலக்க எண் வைத்திருக்க வேண்டும். குழுவில் சேரும் இணைப்பை வெளியே ஒட்டுவதாக இருந்தால் புது உறுப்பினரை நிர்வாகி ஒப்புக்கொண்ட பிறகே சேர்க்கும் வசதியையும் போட்டு வைக்க வேண்டும்.

வதந்தியை இதைவிடக் கடுமையாகப் பார்க்க வேண்டும். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்கு வழி தேடிப் போன ஒரு குடும்பம் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிக்கும் கும்பல் என்று ஃபோன் ஃபோனாகப் பரவியிருந்த வதந்தியை நம்பிய கூட்டம் அடித்ததில் 65 வயது மூதாட்டி இறந்தார். ஊருக்கு வந்த பெரியவர் ஒருவரைக் கொன்றது ஃபோனில் சுற்றிய ஒரு பொய். அந்த வருடம்தான் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து உரையாடலுக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாதபடி ஆக்கினார்கள். 2020 ஏப்ரலில், பல முறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும்தான் அனுப்ப முடியும் என்று இறுக்கினார்கள். அப்படிப்பட்ட செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருக்கும். இரட்டை அம்பு உள்ள எதுவும் அறிவிப்புக் குழுவுக்கு வரக் கூடாது. திண்ணையில் வந்தாலும், புது ஆள், பிள்ளை, கடத்தல் என்ற சொற்கள் இருந்தால் உடனே அழித்துவிட்டுக் காவல் நிலையத்துக்குப் பேசி உண்மையைக் கேட்டு, கேட்ட பதிலை அறிவிப்பில் போட வேண்டும். அழித்தால் மட்டும் போதாது, பயம் வாய்வழியாகப் போய்க்கொண்டே இருக்கும்.

குறைகளுக்கு வருவோம். 32 ஜிபி ஃபோன் வைத்திருப்பவருக்கு ஊர்க் குழு ஒரு சுமை. மூன்று மாதத்தில் ஃபோன் நிறைந்து, புதுச் செய்தியின் படமும் குரலும் இறங்காது. செட்டிங்ஸ் போய் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டாவில் மீடியா ஆட்டோ டவுன்லோடை மூன்று இடத்திலும் அணைக்க வேண்டும். அங்கேயே மேனேஜ் ஸ்டோரேஜைத் தொட்டால் 5 எம்பிக்கு மேற்பட்டவையும் பல முறை கைமாறியவையும் தனித்தனியாக நிற்கும். இரண்டையும் மொத்தமாக அழித்தாலே பாதி இடம் கிடைத்துவிடும். பெரியவர்களுக்கு இதை யாராவது உட்கார்ந்து செய்து கொடுக்க வேண்டும். கிட்காட் போன்ற பழைய ஆண்ட்ராய்டு உள்ள ஃபோன்களில் 2025 தொடக்கத்திலிருந்து வாட்ஸப் ஓடுவதில்லை. பட்டன் ஃபோன் வைத்திருப்பவர்களும் ஃபோனே இல்லாதவர்களும் எல்லாத் தெருவிலும் உண்டு. அந்த வீடுகளைப் பட்டியலிட்டு, எட்டுப் பத்து வீட்டுக்கு ஒருவர் என்று பொறுப்பு கொடுத்து, துட்டிக்கும் மருத்துவ முகாமுக்கும் போய்ச் சொல்ல வைத்தால்தான் வேலை முழுமையாகும். டீக்கடைப் பலகையில் கையால் எழுதி ஒட்டுவதையும் நிறுத்த வேண்டாம்.

வேறு வழிகள் உண்டா? வாட்ஸப்பிலேயே சேனல் இருக்கிறது. இந்தியாவில் 2023 செப்டம்பரிலிருந்து. யார் எண்ணும் யாருக்கும் தெரியாது, எத்தனை பேரும் சேரலாம். ஆனால் அது அப்டேட்ஸ் பக்கத்தில் ஒளிந்திருக்கும், சேர்ந்தவரே மணியைத் தொட்டு இயக்கினால்தான் சத்தம் வரும். பெரியவர்கள் அந்தப் பக்கம் போவதே இல்லை. துட்டிச் செய்திக்குச் சேனல் உதவாது. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் 256 பேரோடு நிற்கும், அனுப்புபவர் எண்ணைச் சேமித்தவருக்கு மட்டும்தான் போகும். பாதிப் பேர் சேமித்திருக்க மாட்டார்கள். டெலிகிராமில் ஒரு குழுவில் 2 லட்சம் பேர் வரை சேரலாம், புதிதாகச் சேருபவருக்குப் பழைய செய்தியையும் காட்டலாம், எண்ணை மறைக்கலாம். வசதியாகப் பார்த்தால் ஊருக்கு அதுவே மேல். அத்தை, பெரியம்மா ஃபோனில் அது இல்லை என்பதுதான் அதன் தோல்வி. சோஹோ நிறுவனத்தின் 'அரட்டை' செயலி 2021-இல் வந்து, 2025 செப்டம்பர், அக்டோபரில் பலர் ஃபோனில் ஏறியது. பெயரே நம் திண்ணைப் பெயர், வளர்ந்தால் மகிழ்ச்சி. இன்றைக்கு ஊரில் எல்லாரும் அதில் இருந்தால்தான் துட்டியை அதில் சொல்லலாம், அந்த நிலை இன்னும் வரவில்லை.

எல்லாச் செயலிக்கும் பொதுவான பலவீனம் டவர். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் மழை கொட்டியது; காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கரண்டும் டவரும் போய், ஊருக்கு ஊர் தொடர்பு அறுந்தது. வெள்ளத்தில் எந்தத் தெரு மூழ்கியது என்பதைச் சொல்ல வேண்டிய நேரத்தில்தான் வாட்ஸப் இல்லை. அதற்கு மாற்று கோயில், பள்ளிவாசல், சர்ச் மைக்தான். ஆம்ப்ளிஃபயர் 12 வோல்ட் பேட்டரியிலும் ஓடக்கூடியதாக இருக்க வேண்டும், பேட்டரி மாதம் ஒருமுறை சார்ஜ் பார்க்கப்பட வேண்டும், சாவி இரண்டு பேரிடம் இருக்க வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. உயிர் காக்கும் அவசரம் தவிர மற்றதற்கு அந்த நேரத்தில் தொடக் கூடாது. தெருப் பொறுப்பாளர்களின் எண்களைத் தாளில் எழுதி அந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குள்ளேயே ஒட்டிவையுங்கள். டவர் அரைகுறையாக இருக்கும்போது இணையம் போகாது, சாதாரண குறுஞ்செய்தி சில நேரம் போகும்.

கடைசியாக, வருடத்துக்கு இரண்டு தடவை எண்களைச் சரிபார்க்க வேண்டும்; தை, ஆடி என்று வைத்துக்கொள்ளலாம். வெளிநாடு போனவரின் பழைய சிம் 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல் கிடந்தால் இணைப்பு துண்டிக்கப்படலாம், பிறகு அதே எண் யாரோ ஒருவருக்குப் போகும். அவர் அந்த எண்ணில் வாட்ஸப் தொடங்கும்போது பழைய கணக்கு குழுவில் அப்படியே இருந்தால், ஊர்த் துட்டியும் கல்யாணமும் முன்பின் தெரியாத ஒருவர் கைக்குப் போய்ச் சேரலாம். உறுப்பினர் பட்டியலைத் தெருவாரியாகப் பிரித்து, அந்தத் தெரு நிர்வாகி ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே வீட்டைக் குறிக்கட்டும். வீடு தெரியாத எண்ணுக்கு ஒரு அழைப்பு, 'யார் வீட்டுப் பிள்ளை?' என்று. பதில் இல்லையென்றால் நீக்கிவிட்டு, அந்த வீட்டாரிடம் புது எண்ணைக் கேட்டுச் சேர்க்க வேண்டும்.